நீல நாற்காலி

என் கணவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுவதில் நான் ஒரு நாளும் நேரம் தவறியதில்லை. காலை ஏழரை, மாலை ஏழரை. இதை முதலில் எழுதிவிடுகிறேன் அதிகாரி அம்மா, ஏனென்றால் நேற்று விசாரணையில் நீங்கள் ‘அலட்சியம்’ என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதை மொழிபெயர்த்த பெண் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என்மேல் வேறு எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அலட்சியம் என்று மட்டும் எழுதாதீர்கள், அக்கம்பக்கத்தில் கேட்டாலே சிரிப்பார்கள்.

என் மொழியிலேயே எழுதலாம், எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம் என்றீர்கள். என் கணவருடைய வாழ்க்கையையும் தொழிலையும் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். அதுதான் ஏற்கெனவே கண்காட்சிப் புத்தகத்தில் வந்திருக்கிறதே. வழவழவென்று தாள், முதல் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்தபடி அவர் படம். ‘சொந்த நாட்டை விட்டு வந்து, தன்னந்தனியாக, பார்வையை இழந்துகொண்டே நிறங்களைக் கண்டடைந்த ஓவியர்’ என்று போட்டிருக்கிறார்கள். தன்னந்தனியாகவாம். இருபத்தொன்பது வருஷம் அவரோடு ஒரே கூரைக்குக் கீழே நானும்தான் இருந்தேன். என்னை மேசை, அலமாரியோடு சேர்த்து எண்ணிவிட்டார்களோ என்னவோ.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்களுக்கு இரண்டே அறைகள். கீழே மின்விளக்கு பழுதுபார்க்கும் கடை. முன்னறைக்கு நல்ல வெளிச்சம் வரும், அது படம் வரைவதற்கு. பின்னறைக்கு வெளிச்சமே வராது, அது நாங்கள் குடித்தனம் நடத்துவதற்கு. அவருக்கு ஒரு ஃபிரேம் கடையில் வேலை. ஊரார் வரைந்த படங்களுக்கெல்லாம் சட்டம் அடித்து, கண்ணாடி துடைத்து, காகிதத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அன்றைக்குச் சட்டம் போட்ட ஒவ்வொரு படத்தையும் பேர் சொல்லித் திட்டுவார். “இதையெல்லாம் காசு குடுத்து வாங்கி சுவத்துல மாட்டுறானுங்க பாரு.” சாப்பாட்டுத் தட்டில் கை காய்ந்துபோகும் வரைக்கும் திட்டுவார். பிறகு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

எனக்குத் துணி திருத்தும் கடையில் வேலை. பேண்டுக்கு ஓரம் மடிக்க, கோட்டுக்கு உள்துணி மாற்ற, பொத்தான் தைக்க. கறுப்புக் கோட்டுக்குக் கறுப்பு நூல் எடுத்தால் முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் கடையில் கறுப்பிலேயே பதினொரு கறுப்பு உண்டு. தவறான கறுப்பில் தைத்தால் வாடிக்கையாளருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளவும் மனம் வராது. மற்றவர்கள் நிற அட்டையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் துணியை ஒரு தடவை பார்த்துவிட்டு இழுப்பறைக்குள் கையை விடுவேன், சரியான நூல்கண்டு வந்துவிடும். கடைக்காரம்மா புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, கண் என்றால் இதுதான் கண் என்பார்.

வீட்டில் இந்தப் பேச்சு எடுபடாது. அவர் அப்போது வரைந்ததெல்லாம் ஆளில்லாத அறைகள். ஒரு ஜன்னல், ஒரு படிக்கட்டு, ஒரு நாற்காலி. அளவெல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் வாயைக் கொடுத்தேன்.

“ஏங்க, அந்த ஜன்னலுக்குக் கீழ இருக்கிற சாம்பல்ல துளி சிவப்பு கலந்தா சுவரு கொஞ்சம் மூச்சு விடும்.”

அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீ போயி அந்தப் பேண்டுக்கு ஓரம் அடி.”

கோபமாகச் சொல்லவில்லை, செல்லமாகத்தான் சொன்னார். அதன்பிறகு யார் வீட்டுக்கு வந்தாலும், “எங்க வீட்டு விமர்சகர் என்ன சொன்னாங்க தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த ஒரு நகைச்சுவைக்கு இருபது வருஷம் சிரித்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை அம்மா. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. யாரிடமும் எதையும் கேட்கமாட்டார், அவ்வளவுதான்.

அவருடைய படங்களை மாட்டிவைத்தது பக்கத்துத் தெருக் கலைக்கூடத்தின் சொந்தக்காரி. எப்போதும் கழுத்தில் முத்துமாலை போட்டிருப்பதால் நான் அவளுக்கு முத்துமாலைக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். வருஷத்துக்கு இரண்டு படம் எடுத்துக்கொள்வாள், கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டுவாள். படத்தைப் பார்த்து, “நன்றாக இருக்கிறது” என்பாள். எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டும் அதையேதான் சொல்வாள். அந்த வார்த்தைக்கு அவளிடம் என்ன மதிப்பு என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிய இருபது வருஷம் ஆயிற்று.

அவருக்கு ஐம்பத்துமூன்று வயதானபோது கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். படியைத் தவறவிட்டார். கோப்பைக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றிவிட்டு என்னை முறைத்தார். இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் பொறுமையானவர், எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது. அது நரம்பை ஓரத்திலிருந்து நசுக்கிக்கொண்டே வரும். போன பார்வை திரும்பாது. நிறங்களும் குழம்பும், அதிலும் நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். ஆனால் மருந்தை ஒரு வேளைகூட விடாமல் போட்டால் இருக்கிற பார்வை அப்படியே நிற்கும், இன்னும் இருபது வருஷம் தாராளமாகப் படம் வரையலாம் என்றார்.

இரண்டு பாட்டில் எழுதிக் கொடுத்தார். மஞ்சள் மூடி போட்டது அழுத்தத்துக்கு. வெள்ளை மூடி போட்டது சும்மா கண் உலராமல் இருக்க, கிட்டத்தட்டத் தண்ணீர்.

மருந்து போடும் அழகைப் பார்த்திருக்க வேண்டும். உலக ஓவியர்களையெல்லாம் ஒரு கை பார்க்கிற மனுஷன், பாட்டில் கிட்டே வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “இரு இரு இரு” என்பார். கடைசியில் சோபாவில் உட்கார்ந்து அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போட்டேன். போட்ட பிறகு ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சும்மா கிடக்க அவருக்கு வராது. அதனால் பேசினார்.

“வெளிய என்ன சத்தம்?”

“எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை மாடிக்குத் தூக்கிட்டுப் போறார்.”

“என்ன கலரு சைக்கிள்?”

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதன் நிறத்தையும் கேட்டதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தடவை பார்த்தேன். “ஈரமான செங்கல் மாதிரி ஒரு சிவப்பு. கைப்பிடிகிட்ட மட்டும் வெளுத்திருக்கு” என்றேன். அவர் கண்ணை மூடியபடியே தலையாட்டினார். இதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு ஆனந்தமாக இருந்தது. கல்யாணமான முதல் மாதத்தில்கூட அப்படி இருந்ததில்லை.

டியூபில் அச்சடித்த சின்ன எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. அதனால் ஒவ்வொரு வர்ண டியூபிலும் துண்டுத் துணி ஒட்டி, அதில் கொட்டை கொட்டையாகத் தமிழில் எழுதினேன். கடைப் பழக்கத்தில் பெயர்களும் நானே வைத்தேன். ‘சீருடை நீலம்’, ‘படிக்கட்டுக் கம்பிப் பச்சை’, ‘டாக்டர் கோட்டு வெள்ளை’. ஊதாவுக்கு ‘நாத்தனார் குடை’ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். முன்னறைக் கதவு அதற்குப் பிறகு சாத்தப்படவில்லை. அவர் கையை நீட்டுவார், நான் டியூபை எடுத்துக் கொடுப்பேன்.

அப்படித்தான் நாற்காலி வந்தது. காவி நிறச் சுவர், பழுப்புத் தரை, நடுவில் ஒரு நாற்காலி. “சீருடை நீலம் குடு” என்றார். என் வலக்கையில் நீலம் இருந்தது, இடக்கையில் பச்சை இருந்தது. படம் எனக்கு நேராக நின்றது. அந்தச் சுவருக்கும் தரைக்கும் நடுவே நீலத்தை வைத்தால் அது ஒரு நாற்காலி, அவ்வளவுதான். பச்சையை வைத்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். இதற்குப் படிப்பு வேண்டாம், எங்கள் கடையில் பொத்தான் தைக்கிற பெண்கூடச் சொல்வாள். இடக்கையில் இருந்ததைக் கொடுத்தேன். துணியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை, என்மேல் அவ்வளவு நம்பிக்கை. நாற்காலி முழுக்கப் பூசிவிட்டு இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“என்ன ஒரு நீலம், பாத்தியா?”

“ஆமாங்க.”

முத்துமாலைக்காரி வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லவில்லை. எங்கள் முக்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வைத்த தேநீர் ஆறிப்போயிற்று. அந்தப் படம் கழிப்பறை வழிக்குப் போகவில்லை, நகரத்திலேயே பெரிய கண்காட்சிக் கூடத்துக்குப் போனது. பின்பக்கம் அவரே கைப்பட ‘நீல நாற்காலி’ என்று தலைப்பு எழுதியிருந்தார்.

பத்திரிகைக்காரர் வந்து, ஏன் நீலம் என்று கேட்டார். “நீலமா இருக்கு, அதான் நீலம். இதுல என்ன கேள்வி?” என்றார் இவர். அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். பச்சை நாற்காலியை நீலம் என்று அழைப்பதன் மூலம் இந்த ஓவியர் உன் கண்ணை நம்பாதே என்கிறார் என்று அரைப் பக்கம் எழுதினார்கள். அதை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான். பச்சை வந்த இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டி வாசித்தேன். “இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல” என்றார், வாயெல்லாம் பல்லாக.

அடுத்த ஒன்றரை வருஷத்தில் நான்கு படங்கள். நான்குக்கும் நிறம் நான் கொடுத்ததுதான். அவர் கேட்பது ஒன்று, கைக்கு வருவது ஒன்று. நான்கும் பேர் வாங்கின. ஃபிரேம் கடை வேலையை விட்டார். பெரிய ஜன்னல்கள் வைத்த வீட்டுக்கு மாறினோம். முன்பு எங்கள் தேநீரைக் குடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தவர்களெல்லாம் இரண்டாவது கோப்பை கேட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனாரிடமிருந்து பார்சல் வந்தது. அவருடைய அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சும்மா விடமாட்டார். உள்ளே பளிச்சென்று எரியும் மேசை விளக்கு, தாங்கியோடு ஒரு பூதக்கண்ணாடி, சொட்டு மருந்தைத் தானே போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். கூடவே ஒரு கடிதம். என் தம்பி யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தார்.

பூதக்கண்ணாடி வழியாக டியூபில் அச்சடித்திருந்த எழுத்தை அவரால் படிக்க முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து என் துணிகளையெல்லாம் உரித்துப் போட்டார். “இனிமே நீ சிரமப்பட வேணாம்” என்றார், எனக்கு ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி. அன்று சாயங்காலம் குளியலறைக்குப் போய் மருந்தையும் தானே போட்டுக்கொண்டு வந்தார். “பாத்தியா? ஒரு சொட்டுகூட கன்னத்துல வழியல.” நான் கையில் துண்டோடு நின்றேன். அடுத்த ஒரு வாரம் காலையும் மாலையும் ஏழரைக்கு நான் போய்ச் சோபாவில் உட்கார்ந்தேன். புது வீட்டு முன்னறைக் கதவு சாத்தியிருந்தது.

அந்த மாதம் ஒரு படிக்கட்டு வரைந்தார். எல்லா நிறமும் சரியாக இருந்தது. முத்துமாலைக்காரி வந்து பார்த்தாள். “நன்றாக இருக்கிறது” என்றாள். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தக் கை எங்கே போயிற்று?” என்று மெதுவாகக் கேட்டாள். யார் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் அம்மா. நீங்கள் அவருடைய கண்ணை மட்டும் பார்க்கிறீர்கள், நான் அவருடைய பெயரைப் பார்த்தேன். பார்வை அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்னும் இருபது வருஷத்துக்கு, வருஷத்துக்கு இரண்டு படம், கழிப்பறை வழியில். அவர் நொந்துபோயிருப்பார். பேர் வாங்கிய பிறகு அதை இழப்பதை அவரால் தாங்க முடியாது, எனக்கு அவரைத் தெரியும். யாராவது ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் எடுத்தேன்.

வேலை ரொம்பச் சின்னது. இரண்டு பாட்டிலுக்கும் மூடி ஒரே அளவு. வெள்ளை மூடி பாட்டிலைத் திறந்து அதற்கு மஞ்சள் மூடியைப் போட்டேன். அவர் அடையாளம் வைத்திருந்தது மூடியின் நிறத்தைத்தான், அந்த மஞ்சளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து எடுத்துக் குளியலறைக்குக் கொண்டுபோய், ஒரு சொட்டுகூட வழியாமல் போட்டுக்கொண்டார். பாட்டில் தீர்ந்ததும் அடுத்ததற்கு அதே மூடியை மாற்றுவேன். ஒரே ஒரு மஞ்சள் மூடி ஏழு வருஷம் ஓடியது. கண் மட்டும் ஒரு நாளும் உலரவில்லை, டாக்டரே பாராட்டினார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அதற்குப் பத்து நாள் முன்னால் நிஜ மருந்தை ஒரு பாட்டில் திறப்பேன். அங்கே போய் அழுத்தம் பார்த்தால் அருமையாக இருக்கும். ஆனால் நரம்பு மட்டும் தேய்ந்துகொண்டே வரும். டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது அபூர்வமான வகை என்று முடிவுகட்டி, இவர் கண்ணைப் பற்றிக் கட்டுரை எழுதி ஒரு மாநாட்டில் வாசித்தார். ஒரு தடவை என்னைப் பார்த்து, “உங்களைப் போல எல்லா வீட்டிலும் ஒருவர் இருந்தால் என் வேலை பாதியாகிவிடும்” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவசரப்படவில்லை நான். பதினான்கு மாதம் பொறுத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் அவர் கூடத்தின் நடுவில், கையில் அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு நின்றார்.

“இது சரிப்பட்டு வரல. எங்க வைக்கிறேன்னே தெரியல. நீயே போட்டுடு.”

நான் சோபாவில் தலையணையை நகர்த்தி இடம் கொடுத்தேன். மணி சரியாக ஏழரை.

அதற்குப் பிறகு எங்களுக்கு நல்ல காலம். துணியில் மறுபடியும் பெயர்கள் எழுதினேன், போகப் போகப் பெரிய எழுத்தாக. பிறகு எழுத்துக்கே தேவை இல்லாமல் போயிற்று. தூரிகையில் வர்ணத்தைத் தொட்டு அவர் விரலுக்கு நடுவில் வைப்பேன். பிறகு அவர் கைமேல் என் கையை வைத்து நகர்த்தினேன். கடைசி இரண்டு வருஷம் அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, “நடுவுல ஒரு கதவு இருக்கட்டும்” என்பார். கதவு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே நான் வைத்துவிடுவேன். கையெழுத்துக்கு மட்டும் விரலைப் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுவேன். போலி என்று நினைத்துவிடாதீர்கள். கதவு என்று சொன்னது அவர்தான்.

“எப்படி இருக்கு?” என்று கேட்பார்.

“நல்லா இருக்குங்க” என்பேன்.

அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. “மருந்தெல்லாம் ஒழுங்கா போட்டும் இப்படி ஆயிடுச்சே. நீ மட்டும் இல்லன்னா எப்பவோ இருட்டாயிருக்கும்” என்பார். நாத்தனார் தொலைபேசியில், என் தம்பியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறாய் அம்மா, நான்தான் அன்றைக்குத் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்லி அழுதார். நாத்தனார் வாயால் நல்ல பேர் வாங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

ஒரே ஒரு நாள் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மடியில் படுத்திருந்தவர் கையை மேலே தூக்கி என் முகத்தைத் தடவினார். “உன் முகம் மறந்துக்கிட்டே வருது. எப்படி இருக்க, சொல்லு” என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் எப்படி இருந்தேனோ அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஒரே ஒரு தடவ அந்த நீல நாற்காலிய மறுபடி பாத்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் போனாலும் பரவாயில்ல” என்றார். கண்ணோரத்தில் வழிந்தது, அது மருந்தா என்ன என்று தெரியவில்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று ராத்திரி நிஜ மருந்தைத் திறந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தாரே. திரும்பாத ஒன்றுக்காக நடக்கிற குடித்தனத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று விட்டுவிட்டேன்.

மாட்டிக்கொண்டது என் சிக்கனத்தால். மாதாமாதம் டாக்டர் எழுதித் தருகிற மருந்தை வாங்கித்தானே ஆக வேண்டும், வாங்காவிட்டால் மருந்துக்கடையிலிருந்து கேள்வி வரும். வாங்கியதைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை. அப்படி வளர்க்கப்படவில்லை நான். பொத்தான் என்று எழுதிய பெரிய பிஸ்கட் டின்னில் போட்டுத் தையல் மிஷினுக்கு அடியில் வைத்திருந்தேன்.

முத்துமாலைக்காரி அவருடைய மொத்த வாழ்நாள் படங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தாள். படங்களோடு அவருடைய வேலையறையையும் அப்படியே கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காட்டப்போகிறாளாம். நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். இவர் பெருமை தாங்காமல், “எத வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்றிருக்கிறார். தூரிகை, துணி ஒட்டிய டியூப், மேசை விளக்கு, முக்காலி எல்லாம் போனது. டின்னும் போனது. நான் திரும்பி வந்து பார்த்தபோது தையல் மிஷினுக்கு அடியில் ஒரு வட்டமான தூசித் தடம்தான் இருந்தது. பொத்தான் டின்னை யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று தேற்றிக்கொண்டேன். கலைக்கூடத்துக்காரர்களைப் பற்றி இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

திறப்பு விழா அன்று சாயங்காலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடுக்கூடத்தில், விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் எழுபது பாட்டில்கள். பத்துப் பத்தாக ஏழு வரிசை. எல்லாம் மஞ்சள் மூடி. பக்கத்தில் அட்டையில் ‘ஒளிக்கான போராட்டம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிறப்பு விருந்தினராகக் கண் டாக்டரையும் அழைத்திருந்தார்கள். அவர் முதலில் புன்னகையோடுதான் குனிந்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னும் குனிந்தார். ஒரு பாட்டிலிலும் மூடிக்குக் கீழே இருக்கிற முத்திரை வளையம் உடைந்திருக்கவில்லை.

“யாரெல்லாம் வந்திருக்காங்க?” என்று கேட்டார் என் கணவர்.

“டாக்டர் வந்திருக்காருங்க.”

“என்ன பண்றாரு?”

“எண்ணிக்கிட்டிருக்காரு.”

“எத?”

“உங்க மருந்து பாட்டில.”

“பாவம், நல்ல மனுஷன்” என்றார் அவர். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவருக்கு வணக்கம் சொன்னேன்.

அவ்வளவுதான் அம்மா. மறைக்க எதுவும் இல்லை. தெரிந்தேதான் செய்தேன், தெளிந்த புத்தியோடுதான் செய்தேன், ஏழு வருஷம் செய்தேன். அவர் கண் தானாகப் போகவில்லை, நான்தான் போக்கினேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. கடைசியாக வந்த ஆறு படங்களும் என் கைதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். முத்துமாலைக்காரி கேட்டால் அந்தக் கை இங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

நாத்தனார் வந்து அவரை வைத்துக்கொண்டிருக்கிறார் என்றீர்கள். வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிற அளவுக்கு இன்னும் ஒரு கீற்று மிச்சமிருக்கிறதாம். நாத்தனாருக்குக் கை நடுங்கும், வயதாகிவிட்டது. தலையை மடியில் வைத்துப் போடச் சொல்லுங்கள். போட்டதும் எழுந்து போய்விடக் கூடாது, ஐந்து நிமிஷம் கூட இருந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். காலை ஏழரை, மாலை ஏழரை. ஒரு வேளை தவறினாலும் அவருக்கு ஆகாது.

நேற்று நீங்கள் எழுந்து போகும்போது ஒன்று சொன்னீர்கள். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னபோது அவர் கத்தவில்லை, அழவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டார் என்றீர்கள். அந்த நாற்காலி என்ன நிறம் என்று கேட்டாராம். உங்களில் யாரும் பதில் சொல்லவில்லையாம். நல்ல வேளை, சொல்லாமல் இருந்தீர்கள்.

நீலம்தான் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் சொன்னால் சந்தேகப்படுவார். நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் அவர் நம்புவார்.